உப்புக் கிடங்கில் ஐந்து பேர் ஓடினார்கள்

“...அதெல்லாம் சரி டீச்சரு. ஓடுறது அஞ்சு பொண்ணுங்கதானே? எனக்கு ஏன் ஆறு பேரு காலு கேக்குது?”

கன்னியம்மா இப்படிக் கேட்டதும் கிடங்குக்குள் இருந்த அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அதுவரைக்கும் கல்யாண வீடு மாதிரி இரைச்சல். முறுக்கு கடிக்கிற சத்தம், கைக்குழந்தை சிணுங்குகிற சத்தம், தகரக் கூரைமேல் மழை. மழை மட்டும் நிற்கவில்லை.

மரக்காணத்தில் பெரிய அலை வந்துபோய் ஒரு வருஷம் முடியப்போகிற சமயம் அது. கார்த்திகை மாதமாக இருக்கும். பகல் மூன்று மணிதான், வெளியே விளக்கு வைக்கிற நேரம் போல மப்பு. ஆனால் உள்ளே இருட்டு இல்லை. உப்புக் கிடங்கின் விசித்திரமே அதுதான். தரையிலிருந்து ஒரு வெளுப்பு எழும்பும். முகங்களுக்கு வெளிச்சம் மேலேயிருந்து வராது, கீழேயிருந்து வரும். தினம் பார்க்கிற ஆளைக்கூட ‘இது யாரு’ என்று ஒரு நொடி நின்று பார்க்கத் தோன்றும்.

கன்னியம்மா உப்பளத்தில் கூலி வேலை பார்க்கிறவள். அவளுடைய இளைய மகள் அமுதா ஒன்பதாவது படித்தாள். என் ஓட்டக் குழுவில் ஐந்தாவது பெண் அவள்தான். அடுத்த வாரம் பாண்டிச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில், கூரை போட்ட பெரிய அரங்கத்துக்குள்ளே ஓட்டப் போட்டி. குழுவென்றால் ஐந்து பேர், ஒன்று குறைந்தாலும் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். நாலு வீட்டில் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து ஆகிவிட்டது. கன்னியம்மா மட்டும் போடவில்லை. அமுதா பத்து நாளாக வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை.

கன்னியம்மா ஏன் போடவில்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் எப்படி டீச்சர் ஆனேன் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ‘இந்தம்மா என்ன படிச்சிருக்கு’ என்று கேட்டு பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் போடுவீர்கள்.

பஸ்ஸை விரட்டியவள்

படித்தது பத்தாவது. அதிலும் கணக்கில் போச்சு. பிறந்தது பிரம்மதேசம். நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். கல்யாணமாகி மரக்காணம் வந்தேன்.

ஒருநாள் திண்டிவனம் பஸ் என் கண்ணெதிரே கிளம்பிவிட்டது. ஒரு கையில் பை, ஒரு கையில் புடவைக் கொசுவம். அடுத்த ஸ்டாப்பில் பஸ் வந்து நிற்கும்போது நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏன்க்கா ஏறுறீங்க, நீங்க முன்னாடி போய் நாங்க வர்றோம்னு சொல்லிடுங்க” என்றான்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை. அந்தப் பள்ளியில் விளையாட்டு டீச்சர் இடம் ரொம்ப நாளாகக் காலி. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் சார்பில் தற்காலிகமாக ஒரு ஆள் போட்டுக்கொள்ளலாமாம். “பொண்ணுங்களுக்கு ஓடச் சொல்லிக் குடுப்பீங்களா?” என்றார்.

“எனக்குத் துரத்தத்தான்ம்மா தெரியும். சொல்லிக்குடுக்கத் தெரியாது.”

“அதே போதும்.”

பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த ஒரு விளையாட்டுப் புத்தகத்தை வாங்கிவந்து, எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தேன். தடை தாண்டும் ஓட்டத்தோடு அது கிழிந்திருந்தது. அதற்குப் பிறகு உலகத்தில் என்னென்ன விளையாட்டு இருக்கிறது என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. “எங்க வீட்டம்மா கிழிஞ்ச வரைக்கும் படிச்சவ” என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

கூரைக்குக் கீழே

கிடங்குக்குள் ஏன் ஓடினோம் என்று கேட்கலாம். வேறு இடம் கிடையாது.

பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாகத் தகரக் கொட்டகைகள். அலையில் வீடு போனவர்கள் அதில் இருந்தார்கள். கடற்கரையில் ஓடலாம் என்று அந்த வருஷம் வாயைத் திறந்து சொல்ல முடியாது. ரோட்டில் லாரி. போதாததற்கு மழை. உப்பளத்துப் பாத்தியும் வரப்பும் எல்லாம் முழுகி, கழுவேலி ஏரி வரைக்கும் ஒரே தண்ணீர். நின்று பார்த்தால் எது உப்பளம், எது ஓடை, எது கடல் என்று தெரியாது. காற்றே இல்லாத நாளில்கூட அந்தத் தண்ணீர் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். ஜனங்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் நடக்கப் பழகியிருந்தார்கள்.

மழைக்காலத்தில் உப்பு எல்லாம் விற்றுப்போய்க் கிடங்குகள் காலியாகிவிடும். கொட்டகைகளுக்கு எதிரிலேயே ஒரு பெரிய கிடங்கு. இடுப்புயரம் செங்கல், அதற்குமேல் தகரம். முதலாளி நல்ல மனுஷன், “ஓடிக்குங்க, கதவை மட்டும் சாத்திக்குங்க, சாரல் அடிச்சா தரை வீணாப்போவும்” என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

தரையில் மிச்சம் கிடந்த உப்புத்தூளை மெல்லிசாகப் பரப்பி, துடைப்பக் கட்டையால் கோடு கிழித்தேன். ஆறு பேர் ஓடுகிற அகலம் இருந்தது. ஆறு பாதை போட்டேன். இருந்ததோ அஞ்சு பெண்கள். ஆறாவது பாதைக்கு மேலே கூரை ஒழுகும், அங்கே உப்பு ஈரமாகி ஓடு மாதிரி இறுகியிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டோம்.

பெண்களை வெறுங்காலோடு ஓடவிடுவேன். ஓடி முடித்ததும் குனிந்து தடத்தைப் பார்ப்பேன். யாருக்குக் குதிகால் முதலில் விழுகிறது, யாருக்குப் பாதம் வெளிப்பக்கம் சாய்கிறது, எல்லாம் உப்பில் எழுதியிருக்கும். இது புத்தகத்தில் இல்லை, நானே கண்டுபிடித்தது. உப்பளத்து வீட்டுப் பெண்கள் முழுப் பாதத்தையும் தட்டையாகப் பதிப்பார்கள். சீசனுக்கு முன்னால் பாத்தியில் களிமண்ணை மிதித்து மிதித்து இறுக்குகிற வேலை உண்டு. சின்ன வயசிலிருந்தே அம்மாவோடு நின்று மிதித்த கால்கள். ஓடச் சொன்னாலும் தரையை இறுக்கிக்கொண்டேதான் ஓடும்.

ரோட்டில் நின்றவர்கள்

முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டு விசில் ஊதினேன். அஞ்சு பேரும் ஒரே நேரத்தில் புறப்பட்டார்கள். அந்தத் தகரம் அப்படிச் சத்தம் போடும் என்று நான் நினைக்கவே இல்லை. காலடி சுவரில் பட்டு, கூரையில் பட்டு, திரும்பித் தரைக்கு வந்து, உறுமலாகப் பெருத்துக்கொண்டே போனது. மூன்று தடவை ஓடவிட்டுக் கதவைத் திறந்தேன்.

கொட்டகைகள் காலி. அத்தனை ஜனமும் ரோட்டில் நின்றது. இடுப்பில் பிள்ளை, கையில் ரேஷன் கார்டு. ஒருத்தர் பாதி சவரம் செய்த முகத்தோடு. ஒரு பெண் கொதிக்கிற சோற்றுப் பானையைத் துணிகூட இல்லாமல் பிடித்திருந்தாள், சுட்டது அவளுக்குத் தெரியவில்லை. எல்லார் முகமும் கடல் பக்கம். ஒருத்தரும் கத்தவில்லை. கிடங்கின் உறுமலை மறுபடியும் அலை என்று நினைத்துவிட்டார்கள்.

என் குழுவில் இருந்த மேரியின் அப்பா அந்தோணிதான் முதலில் எங்களைப் பார்த்தார். சவுக்குக் கட்டை ஏற்றுகிற ஆள், வாய்க்குப் பூட்டே கிடையாது. “ஏம்மா டீச்சரு, ஓடுறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லிட்டு ஓடக்கூடாதா? நாங்களும் கூட ஓடியிருப்போம்ல” என்று சிரித்தார். சிரிக்கும்போதே அவர் கண் கடல் பக்கம் போய்ப் போய் வந்தது.

தலைமையாசிரியையிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “எல்லாக் குடும்பத்தையும் உள்ளே கூப்பிடுங்க. அது யார் கால் சத்தம்னு தெரிஞ்சுட்டா அப்புறம் பயம் வராது” என்றார்.

அதற்காகத்தான் அந்தக் கூட்டம். மற்ற ஊரில் விளையாட்டுக் குழுவைப் பெற்றவர்களுக்கு அறிமுகம் செய்வார்கள். நாங்கள் ஒரு சத்தத்தை அறிமுகம் செய்தோம்.

கண்ணை மூடிக் கேட்டது

எல்லாரையும் சாக்கு விரித்துச் சுவரோரம் உட்காரவைத்தேன். “கண்ணை மூடிக்குங்க. ஒவ்வொரு பொண்ணா ஓடும். உங்க பொண்ணு எதுன்னு நீங்கதான் சொல்லணும்” என்றேன்.

முதலில் கூச்சப்பட்டார்கள். மேரி ஓடினதும் களைகட்டிவிட்டது. நாலு எட்டுகூட வைத்திருக்க மாட்டாள், அந்தோணி கண்ணை மூடியபடியே கையைத் தூக்கிவிட்டார். “இது எங்க வீட்டு யானை. இது நடந்தாலே அடுப்புல சட்டி ஆடும்.”

“அப்பா!” என்று மேரி அங்கிருந்தே கத்தினாள்.

“பார்த்தீங்களா, கத்துறதும் அதேதான்.”

இன்னொரு அம்மா தன் பெண்ணின் கொலுசை வைத்துக் கண்டுபிடித்தாள். “இன்னாடி, ஓடும்போதுகூட கழட்ட மாட்டியா” என்று திட்டும் கூடவே விழுந்தது. இப்படியே நாலு பேர். கடைசியில் அமுதா.

கன்னியம்மா எல்லாருக்கும் பின்னால், கதவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். ‘நீ வந்து பாரு, கையெழுத்து போட வேணாம், பார்த்துட்டு மட்டும் போ’ என்று நான் கெஞ்சியதால் வந்தவள். அமுதா ஓடி முடித்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கன்னியம்மா கண்ணை மூடியபடியே தலையை மட்டும் அசைத்தாள், ‘என்னுதுதான்’ என்பது போல.

பிறகு அஞ்சு பேரையும் சேர்த்து ஓடவிட்டேன். தகரம் உறுமியது. இந்தத் தடவை யாரும் எழுந்து ஓடவில்லை. அவரவர் பெண்ணின் சத்தம் எது என்று அந்த உறுமலுக்குள் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போதுதான் கன்னியம்மா, இன்னும் கண்ணைத் திறக்காமல், அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

ஒரு எட்டு கூடுதலாக

“எதிரொலிம்மா அது” என்றார் அந்தோணி. “தகரம்ல. ஒண்ணு ரெண்டா கேக்கும்.”

“கூரை ஒழுகுது பாரு, அந்தச் சொட்டு” என்றாள் கொலுசுப் பெண்ணின் அம்மா.

“திரும்ப ஓடச் சொல்லு டீச்சரு” என்றாள் கன்னியம்மா.

ஓடவிட்டேன். நானும் கண்ணை மூடிக்கொண்டேன், அதுதான் நான் செய்த தப்பு. அஞ்சு பேரும் அந்தக் கோடியில் சுவரைத் தொட்டு நின்றார்கள். சத்தம் அடங்கியது. அடங்கின பிறகு, தனியாக, கொஞ்சம் தாமதமாக, தப்... தப் என்று இரண்டு எட்டு கேட்டது. ஒன்று அழுத்தமாக, ஒன்று லேசாக.

நம்புகிறீர்களா என்று என்னைக் கேட்காதீர்கள். அங்கே இருந்த முப்பது பேரில் ஒருத்தர்கூட அதற்குப் பிறகு எதிரொலி என்று சொல்லவில்லை. அந்தோணி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் ஆறாவது பாதையைப் போய்ப் பார்த்தேன். ஈரத்தில் இறுகின உப்பு, தொட்டால் நகம் உடையும். ஒரு தடம் இல்லை.

“எடது காலு பதியல, கேட்டீங்களா?” என்றாள் கன்னியம்மா. கண்ணைத் திறந்துவிட்டிருந்தாள். குரலில் அழுகை இல்லை. “பாத்தி மிதிக்கும்போது கிளிஞ்சல் ஏறிச்சு, குதிகால்ல. அப்பலேர்ந்து அதை ஊன மாட்டா. திலகா.”

திலகா அவளுடைய மூத்த பெண். கையெழுத்து விழாததற்குக் காரணமும் திலகாதான்.

அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தாயும் மூத்த மகளும் மீன் வாங்கக் கடலோரத்து எக்கியார்குப்பம் போயிருந்தார்கள். கடல் எழுந்து வருவதைக் கன்னியம்மாதான் முதலில் பார்த்தாள். மகளின் முதுகில் ஒரு அடி போட்டு, “ஓடுடி, நிக்காத, ஓடு” என்று கத்தினாள். திலகா ஓடினாள். தாயால் ஓட முடியவில்லை, சவுக்கு மரம் ஒன்றைக் கட்டிக்கொண்டாள். தண்ணீர் வடிந்து பார்த்தபோது மரமும் கன்னியம்மாவும் இருந்தார்கள். திலகா போன திசையில் எதுவும் இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

“ஓடத் தெரிஞ்சவ போயிட்டா. ஓடத் தெரியாதவ உக்காந்து சோறு துன்னுறேன். இன்னொருத்தியையும் ஓடக் கத்துக்கச் சொல்றியா?” சம்மதக் கடிதத்தோடு நான் முதல் தடவை போனபோது அவள் சொன்ன வார்த்தை இது. எத்தனையோ பேர் சொன்ன எத்தனையோ வார்த்தையை நான் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். இதை எழுதவே இல்லை. எழுதாமலே மனசில் இருக்கிறது.

நில்லு என்று சொல்ல ஒரு ஆள்

அமுதா அந்தக் கோடியிலிருந்து மெதுவாக நடந்துவந்தாள். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

“எனக்கும் கேக்கும்மா. முதல் நாள்லேர்ந்தே கேக்குது.”

“ஏண்டி சொல்லல?”

“சொன்னா ஓட வுட மாட்டியே.”

“பயமா இல்லியா?”

அமுதா கொஞ்சம் யோசித்தாள். “பக்கத்துப் பாதைதானேம்மா. நம்ம அக்காதானே.” பிறகு, “நான் நின்னுடுறேன். அதுக்கு நிக்கத் தெரியல. சுவரு வந்தப்புறமும் காலு ஓடுது. அதான் ஒரு மாதிரி இருக்கும்” என்றாள்.

யாரோ ஒருத்தி குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டாள். உதட்டில் உப்பு. கூட்டத்தைக் கலைத்துவிடலாமா, கதவைத் திறந்துவிடலாமா என்று பார்த்தேன். இனிமேல் இந்தக் கிடங்கில் யாரும் ஓடப்போவதில்லை, நாலு கையெழுத்தும் செல்லாது, அமுதா கொட்டகைக்குள் உட்கார்ந்து தகரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

“ஓடுன்னு சொன்னது நானு” என்றாள் கன்னியம்மா. யாரிடம் என்றில்லாமல் சொன்னாள். “நில்லுன்னு சொல்லலையே. யாரு சொல்லுவா அதுக்கு?”

எழுந்தாள். செருப்பைக் கதவோரம் விட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாத்தியில் இறங்குகிற மாதிரி ஒவ்வொரு அடியாக அழுத்தி வைத்து, கிடங்கின் அந்தக் கோடிக்கு நடந்தாள். ஆறாவது பாதை முடிகிற இடத்தில், சுவருக்கு முன்னால், எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“அமுதா, போய் உன் இடத்துல நில்லு. டீச்சரு, ஊது.”

ஊதினேன். காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவைதான் விசில் சத்தம் வந்தது. அஞ்சு பெண்களும் புறப்பட்டார்கள். அவ்வளவு வேகமாக அவர்கள் அதற்கு முன்னால் ஓடி நான் பார்த்ததில்லை. தகரம் உறுமி உறுமிக் கூரைக்கு ஏறியது. அஞ்சு பேரும் சுவரைத் தொட்டு நின்றார்கள். இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை.

“போதும். நில்லுடி” என்றாள் கன்னியம்மா, எதிரே யாருமில்லாத பாதையைப் பார்த்து. “அம்மா இங்கதான் இருக்கேன். நில்லு.”

இரண்டு கையையும் விரித்தாள். ஓடிவந்த பிள்ளை மார்பில் மோதினால் ஒரு தாய் எப்படித் தள்ளாடுவாளோ அப்படி அரை அடி பின்னால் போனாள். முதுகு இடித்துத் தகரம் டம் என்றது. விரிந்திருந்த கைகள் மடங்கி மூடின.

மழை பெய்துகொண்டிருந்தது. காலடி எதுவும் கேட்கவில்லை.

பிறகு அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “அந்தக் காயிதம் வச்சிருக்கியா?”

கொண்டுபோனேன். கடிதத்தை ஒரு அட்டைமேல் வைத்து அவள் முன்னால் பிடித்துக்கொண்டேன். வலது கையை மட்டும் எடுத்துப் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, அவசரமே இல்லாமல், ‘கன்னியம்மா’ என்று போட்டாள். இடது கையை அவள் எடுக்கவில்லை. அது அணைத்த பிள்ளையை விடாத மாதிரி, மடங்கினது மடங்கினபடியே இருந்தது.